வலிக்காத நோய்



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையை ஒட்டி, ராசிபுரத்திற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பல் மருத்துவ முகாம் ஒன்று நடத்தினோம். புளியமரத்து நிழலில் இரண்டு நாற்காலிகள். ஒரு வாளித் தண்ணீர். கொதிநீரில் இட்டு எடுத்த கருவிகள். காலையில் முதலில் வந்து அமர்ந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். வயது நாற்பதுக்குள் இருக்கும். நல்ல கட்டான உடல். வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ் வரிசை முன்பற்கள் நான்கும் காற்றில் ஆடும் கதிர்போல் ஆடின.

"எத்தனை நாளாக வலிக்கிறது?" என்று கேட்டேன்.

"வலி ஒண்ணுமில்லீங்க. ஆடுதுங்க, அவ்வளவுதான். எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் போச்சுங்க. எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றார் அவர்.

அன்று முதல் இந்த விடை என் நினைவை விட்டு அகலவில்லை. சொத்தைப் பல் உள்ளவன் இரவெல்லாம் துடிக்கிறான்; விடிந்ததும் மருத்துவரைத் தேடி ஓடுகிறான். ஈறு நோய் கொண்டவனோ துடிப்பதில்லை. நோய் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் ஓசையின்றி உள்ளே வேலை செய்கிறது. பல் ஆடத் தொடங்கிய பிறகே அவன் விழித்துக்கொள்கிறான். அப்பொழுதும் அதை நோய் என்று கருதுவதில்லை. வயது என்கிறான், குடும்பவாகு என்கிறான், தலைவிதி என்கிறான். இது விதியன்று என்பதை இன்று நான் உங்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கான சான்று நம்மவர் வாயிலிருந்தே கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

முதலில் நோயின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். பல்லை எவ்வளவு தூய்மையாகத் துலக்கினாலும், சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய ஏடுபோல் படிகின்றன. அந்த ஏட்டின்மேல் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. நாம் ஊத்தை என்று சொல்வது உணவின் மிச்சம் மட்டுமன்று. அது கோடிக்கணக்கான உயிர்கள் வாழும் ஓர் ஊர். அதை நாள்தோறும் கலைத்துவிட்டால் கேடில்லை. கலைக்காமல் விட்டால் ஈற்றின் விளிம்பு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் குருதி கசிகிறது. ஊத்தையில் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகும்போது காரையாகிறது. பிறகு ஈறு பல்லை விட்டு விலகுகிறது. இடையில் ஒரு பை உண்டாகிறது. பைக்குள் நுண்ணுயிர்கள் இறங்க இறங்க, பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு கரைகிறது. ஈற்றின் சிவப்பு மாறக்கூடியது. கரைந்த எலும்போ தானாக மீண்டும் வளர்வதில்லை. நம் முன்னோர் காலத்து மருத்துவர்கள் 'பயோரியா' என்று அஞ்சியது இதனைத்தான்.

ஊத்தைதான் குற்றவாளி என்று எப்படித் தெரிந்தது? 1965ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஈறுள்ள பன்னிரண்டு பேர்; அவர்களுள் பெரும்பாலோர் உங்களைப் போன்ற மாணவர்கள். அவர்கள் பல் துலக்குவதையே நிறுத்திவிட்டார்கள். பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருக்கும் குணமாயிற்று. மருந்தில்லை, ஊசியில்லை. மருத்துவ உலகில் இவ்வளவு மலிவான சோதனை இவ்வளவு பெரிய உண்மையைச் சொன்னது அரிது.

ஆனால் மூன்று வாரம் வேறு, முப்பது ஆண்டு வேறு. வாழ்நாள் முழுவதும் ஊத்தையை அகற்றாமலே இருந்தால் என்ன ஆகும்? டென்மார்க்கின் மாணவர்களை அப்படி விட்டுவைக்க முடியாது. பல் மருத்துவத்தின் வாடையே படாத ஒரு மக்கள் கூட்டம் வேண்டும். லோ அதைத் தேடிச் சென்ற இடம் இலங்கை, கண்டெடுத்தவர்கள் தமிழர்கள்.

நேயர்களே, நம் சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கண்டிச் சீமைக்கு நடந்தவர்களின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வழியில் மாண்டவர் போக, எஞ்சியவர்கள் காடழித்துக் காப்பியும் தேயிலையும் நட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் வாழ்ந்த டன்சினேன், ஹாரோ என்னும் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 1970ஆம் ஆண்டு ஆராய்ச்சி தொடங்கியது. பதினான்கு முதல் முப்பத்தொரு வயது வரையுள்ள 480 ஆண் தொழிலாளர்கள் சோதிக்கப்பட்டார்கள். உடல் நலம் உடையவர்கள். பல் சொத்தை ஏறத்தாழ இல்லாதவர்கள். அதனால் இவர்களுக்கு ஒரு பல் விழுந்தால் அது ஈறு நோயால் விழுந்தது என்றே கொள்ளலாம். 1985 வரை ஆறு முறை அவர்கள் வாய்கள் அளக்கப்பட்டன. இறுதிச் சோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர்.

ஏறக்குறைய எல்லாருடைய ஈறும் வீங்கியிருந்தது. ஆயினும் எல்லாருக்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்குப் பதினொருவருக்கு நோய் ஈற்றளவிலேயே நின்றுவிட்டது. நூற்றுக்கு எண்பத்தொருவருக்கு மெல்ல வளர்ந்து, நாற்பத்தைந்து வயதில் சராசரி ஏழு பற்களைக் கொண்டு போயிற்று. எஞ்சிய எட்டுப் பேருக்கு அது விரைந்து பரவியது. அவர்கள் இருபது வயதிலேயே பல்லிழக்கத் தொடங்கினார்கள். முப்பத்தைந்தில் பன்னிரண்டு பற்கள், நாற்பதில் இருபது பற்கள், நாற்பத்தைந்தில் வாய் வெறுமை.

இந்தக் கணக்கில் அந்த ஓட்டுநரின் சொல்லுக்கும் ஓரளவு இடம் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஒரே அளவு ஊத்தை இருந்தும் ஒருவனுக்கு நோய் விரைகிறது, இன்னொருவனுக்கு நின்றுவிடுகிறது. இதில் பிறப்பின் பங்கு உண்டு. ஆனால் இதே காலத்தில் நார்வேயின் ஆஸ்லோ நகரத்துப் படித்த ஆண்களையும் அதே அறிஞர்கள் அளந்து வந்தார்கள். பல் துலக்கலும் மருத்துவமும் சிறு வயது முதல் பெற்றவர்கள் அவர்கள். நாற்பதை நெருங்கியபோதும் அவர்களுடைய பல்லின் பிடிமானம் சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே குறைந்திருந்தது. வயதே பல்லை உதிர்ப்பதாயின், நார்வேயிலும் அல்லவா உதிர்ந்திருக்க வேண்டும்?

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்று இந்த எண்களைப் படிக்கிறார்கள். அவை ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. மலையேறிக் கொழுந்து சுமந்த மனிதர்களுக்குப் பல் மருத்துவர் ஒருவரும் வாய்க்காத குறையிலிருந்து பிறந்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது கூச்சமாகவே இருக்கும். அவர்கள் இழந்த பற்களால் உலகம் கற்றுக்கொண்டது. அவர்கள் புறப்பட்டு வந்த ஊர்கள் கற்றுக்கொண்டனவா?

இனி நம் சமவெளிக்குத் திரும்புவோம். சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்த நிலத்தில் மருத்துவருக்குப் பஞ்சம் என்று இன்று சொல்வதற்கில்லை. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நோய்க்கும் மருத்துவருக்கும் இடையில் நிற்பவை சில நம்பிக்கைகள்.

அவற்றுள் தலையாயது, "காரையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும்" என்பது. படித்தவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் ஒரு மெய்யனுபவம் இருப்பதால்தான் இது சாகாமல் இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றிக் காரை இறுகி, இடிந்த சுவருக்கு முட்டுக்கொடுத்ததுபோல் நிற்கிறது. காரையை எடுத்ததும் பல்லிடை வெறுமை தெரிகிறது. நாக்கு அதைத் துழாவுகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. பல் ஆடுவதுபோல் தோன்றுகிறது. மருத்துவர் பல்லை ஆட்டிவிட்டார் என்று ஊர் சொல்கிறது. உண்மையில் சுவரைத் தின்றதே அந்த முட்டுத்தான். வீங்கியிருந்த ஈறு வற்றி, ஒட்டிக்கொள்ளச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். பொறுத்தவர்களுக்குப் பல் மீண்டும் ஓரளவு இறுகுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பல் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்பது இன்னொன்று. மேல்வாய்ப் பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் உறவில்லை என்பதை உயிரியல் பாடம் படித்த நீங்களே வீட்டாருக்குச் சொல்லலாம்.

குச்சிக்கும் பிரஷுக்கும் நடக்கும் வழக்கில் நான் கட்சி சேர்வதில்லை. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழி பொய்யன்று. என் பாட்டி வேப்பங்குச்சியால் பல் துலக்கினார். எண்பது வயதில் வறுத்த சோளம் மென்றார். ஆனால் அவர் துலக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். வாசற்படியில் அமர்ந்து, குச்சியை மென்று தூரிகையாக்கி, ஒவ்வொரு பல்லாக, உள்ளும் புறமும், அரை நாழிகை துலக்குவார். அவர் பற்களைக் காத்தது வேம்பின் கசப்பு மட்டுமா, அந்தப் பொறுமையா? செங்கற்பொடியையும் அடுப்புக்கரியையும் விரலில் தொட்டு நாலு இழுப்பு இழுப்பவர்கள் பல்லின் முகத்தைத் தேய்க்கிறார்கள். ஊத்தை தங்கும் ஈற்றோரத்தைத் தொடுவதே இல்லை. விலையுயர்ந்த பிரஷை வாங்கி அரை நிமிடத்தில் முடிப்பவரும் அதே வகுப்பினர்தாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தருமபுரியிலும் சேலத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அந்த நீரைச் சிறு வயதில் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருக்கும். அது பல்லோடு பிறந்த கறை, துலக்காததால் வந்ததன்று. அதைப் போக்க எண்ணிச் செங்கற்பொடியால் தேய்த்துத் தேய்த்துப் பல்லை மெலியச் செய்யும் பிள்ளைகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

புகையிலையைப் பற்றி விரிக்க நேரமில்லை. ஆயினும் சங்ககிரி, நாமக்கல் லாரிகளிலும், திருச்செங்கோட்டிலிருந்து வடநாடு வரை செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளிலும் உழைக்கும் இளைஞர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தூக்கத்தை விரட்டப் பீடி பிடிக்கிறார்கள். புகை ஈற்றின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் நோய் முற்றியும் குருதி கசிவதில்லை. வலியில்லாத நோய்க்கு இருந்த ஒரே மணியோசையும் இவ்வாறு அடைக்கப்பட்டுவிடுகிறது.

சர்க்கரை நோயோடு ஈறு நோய்க்கு உள்ள உறவு இன்னும் நெருங்கியது. சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு விரைந்து கெடுகிறது. கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. ஈற்றுக்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்குகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 2021ஆம் ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைத்தது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. அப்படி வாசலுக்கு வருகிற ஒருவர் "வாயைத் திறங்கள் அம்மா" என்று ஒரு சொல் சேர்த்துக் கேட்பதில் என்ன செலவு? பார்ப்பதற்கான கருவியும் எளியது. 1982இல் உலக அளவில் வகுக்கப்பட்ட முறைப்படி, நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டையும், மூன்றரை முதல் ஐந்தரை மில்லிமீட்டர் வரை ஒரு கறுப்புப் பட்டையும் கொண்ட மெல்லிய கம்பி போதும். கம்பி ஈற்றோரத்தில் மெல்ல இறங்கும்போது பட்டை மறையத் தொடங்கினால் அங்கே பை இருக்கிறது என்று பொருள். உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோருக்குக் கடும் ஈறு நோய் உண்டு என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இவ்வளவு பேரையும் நாற்காலியில் அமர்த்திக் காரை எடுக்க எந்த நாட்டிலும் கைகள் போதா. ஆகையால்தான் இது மருத்துவமனையின் சிக்கல் அன்று, பொதுச் சுகாதாரத்தின் சிக்கல் என்கிறேன்.

அந்த ஓட்டுநரின் கதையை முடித்துவிடுகிறேன். நான்கு பற்களில் இரண்டை எடுக்க நேர்ந்தது, இரண்டைக் காப்பாற்றினோம். கரைந்த எலும்பு வளருமா என்று கேட்டார். வளராது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த மாதம், வடக்கே ஒரு நடை போய்வந்த பின், தம் பதின்மூன்று வயது மகனை அழைத்து வந்தார்.

"ரத்தம் வருதுன்னு இந்தப் பக்கம் பிரஷ் போடவே மாட்டேங்கிறானுங்க" என்றார்.

பையனின் இடப்பக்கக் கடைவாய்ப் பற்களின் ஓரம் சிவந்து பருத்திருந்தது. குருதி வருகிற இடத்தைத்தான் கூடுதலாகத் துலக்க வேண்டும் என்று சொல்லி, பிரஷை அவன் கையிலேயே கொடுத்து, ஈற்றோரம் சாய்த்துப் பிடிக்கக் காட்டினேன். பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். பையனின் ஈறு வெளிர்ச் சிவப்பாக மாறிப் பல்லோடு படிந்திருந்தது; கம்பியால் தொட்டேன், ஒரு துளியும் கசியவில்லை. தந்தை என் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து, "இன்னொரு தடவை தொட்டுக் காட்டுங்க டாக்டர்" என்றார்.