காவலனுக்குப் புதுக் கண்



சென்ற ஆண்டு பாலக்கோட்டில் ஒரு பள்ளியில் இரத்த அணுக்களைப் பற்றிப் பேசினேன். முடிவில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, உடம்பில் இத்தனை காவலர் இருந்தும் புற்றுநோய் எப்படி வளர்கிறது?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டபடியால் அரைகுறையாகவே விடை கூறி வந்தேன். அக்கடனை இன்று தீர்க்கிறேன்.

காய்ச்சலைத் தரும் கிருமி அந்நியன். புற்றணுவோ நம் வீட்டிலேயே பிறந்து கெட்டுப்போன பிள்ளை. நம்முடைய டி அணுக்கள் என்னும் காவலர் அந்நியரைத் தாக்கப் பழகியவர்கள். ஆகவே, உறவினனைப் போல் உலவும் புற்றணுவைப் பெரும்பாலும் அவர்கள் விட்டுவிடுகின்றனர்.

லிம்போமா என்பது நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்று. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டியாக எழும். வலியில்லை என்பதற்காகவே நம்மவர் அதைப் பாராட்டுவதில்லை. ஓவிய ஆசிரியரான என் நண்பரும் அவ்வாறே இருந்துவிட்டார். பிறகு மருந்து இருமுறை பலித்தது; மூன்றாம் முறை பலிக்கவில்லை. 2018இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே அமெரிக்காவில், பெரியவர்களுக்கு வரும் லிம்போமாவுக்கு, மாற்றியமைத்த டி அணுச் சிகிச்சை அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் அதன் செலவோ கோடிகளில் இருந்தது. ஓர் ஆசிரியர் வாழ்நாள் முழுதும் வாங்கும் சம்பளம் அதற்குப் போதாது.

அச்சிகிச்சையின் முறையைக் கேளுங்கள். நோயாளியின் இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்தி, வெள்ளையணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை அவருக்கே திருப்பிவிடுகிறார்கள். பிரித்தெடுத்த டி அணுக்களுக்குள், தீங்கு செய்யும் ஆற்றலை இழந்த ஒரு வைரஸைக் கொண்டு புதியதொரு மரபணுவைப் புகுத்துகிறார்கள். அம்மரபணுவின் கட்டளைப்படி அணுவின் மேற்புறத்தில் ஒரு புதிய ஏற்பி முளைக்கிறது. அதன் வெளிப்பகுதி, பகைவனைக் கண்டறியும் கண். உட்பகுதி, "தாக்கு" என்று ஆணையிடும் மணி. இவ்வணுக்களைக் கோடிக்கணக்காகப் பெருக்கி மீண்டும் நோயாளியின் உடலில் செலுத்துகிறார்கள்.

அந்தக் கண் தேடுவது சி.டி. 19 என்னும் புரதத்தை. பெரும்பாலான லிம்போமாக்கள் பிறக்கும் பி அணு வகையின் மேல் இப்புரதம் இருக்கிறது. நல்ல பி அணுக்களிலும் இருக்கிறதே என்பீர்கள். உண்மை, அவையும் அழிகின்றன. ஆயினும் பி அணுக்கள் இன்றி மனிதன் வாழ முடியும். அவை தரும் எதிர்ப்பொருளை வெளியிலிருந்து ஊசியாக ஏற்றலாம். இதயத்துக்கோ ஈரலுக்கோ இத்தகைய சலுகை இல்லை. அதனால்தான் இம்முறை முதலில் இரத்தப் புற்றுகளில் வெற்றி கண்டது.

நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு மையத்து மருத்துவர்களும் இதற்கென உழைத்தனர். 2021 ஜூன் மாதம் முதல் நோயாளிக்கு இவ்வணுக்கள் செலுத்தப்பட்டன. 'நெக்ஸ்கார் 19' என்ற பெயரில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் அதனை அறிமுகம் செய்தார். விலை, வெளிநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல லட்சம் ரூபாய்தான். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிக்கு அது இன்னும் எட்டாத் தொகையே.

நமக்கு அண்மையில் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் ஒரு முயற்சி நடந்தது. மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மூடிய இயந்திரத்தில், சுமார் ஒன்பது நாட்களில் அணுக்களைத் தயாரித்து, உறையவைக்காமலே செலுத்தினார்கள். பத்து நோயாளிகளிடம் இதனைச் சோதித்து, 2025இல் முடிவுகளை வெளியிட்டனர். செலவைக் குறைக்கும் வழி இதுவே என்பது என் கருத்து.

எல்லாருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மும்பையில் நடந்த ஆய்வில், கணக்கில் கொண்ட நோயாளிகளுள் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. அவர்களுள்ளும் சிலருக்கு நோய் திரும்பியது. அணுக்கள் பெருகிப் போரிடும் நாட்களில் கடுங்காய்ச்சல் வரலாம். இரத்த அழுத்தம் விழலாம். சிலருக்கு நினைவும் தடுமாறும். ஆகவே தேர்ந்த மருத்துவமனையிலேயே இதனைச் செய்ய இயலும்.

நோய் திரும்புவதற்கான காரணங்களுள் ஒன்று விந்தையானது. சில புற்றணுக்கள் சி.டி. 19 என்னும் அந்த அடையாளத்தையே உதறிவிட்டு ஒளிந்துகொள்கின்றன. இரண்டு அடையாளங்களை ஒருங்கே தேடும் அணுக்களை இப்போது விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள். அந்த மாணவி அடுத்த கேள்வியை இந்த இடத்திலிருந்து தொடங்குவாள் என்று எதிர்பார்க்கிறேன். இம்முறை மணி அடித்தாலும் நான் எழப்போவதில்லை.