குரலைப் படமாக்கும் கணினி

பறவையின் குரலைக் கணினி படமாக மாற்றித்தான் இனம் காண்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் என்ற செயலி, ஒலிப்பதிவை 3 விநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு படமாகிறது. கிடைவாட்டில் நேரம், செங்குத்தில் அதிர்வெண். ஆண்குயில் கூவினால் படத்தில் ஒரு கோடு வளைந்து மேலேறும். செண்பகத்தின் 'ஊப் ஊப்' அடிப்பகுதியில் வரிசையாகக் கிடக்கும் சிறு பட்டைகள்.

இத்தகைய படங்களை இனத்தின் பெயரோடு ஆயிரக்கணக்கில் காட்டிக் கணினியைப் பழக்குகிறார்கள். பதிவுகளில் பெரும்பகுதி ஆர்வலர்கள் தந்தவை. 2005-இல் தொடங்கிய செனோ-கான்டோ இணையதளம் அதற்குப் பெரிய களஞ்சியம். மழை, காற்று இரைச்சலையும் வேண்டுமென்றே கலந்து பழக்குவார்கள். காடு ஒலிப்பதிவுக் கூடம் அல்லவே!

2021-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பேர்ட்நெட் அறிந்திருந்தவை 984 இனங்கள். பிந்தைய பதிப்புகளில் அது 6,000-ஐத் தாண்டியது. விடையோடு, அது எவ்வளவு உறுதி என்பதைக் காட்ட 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணும் வரும். இடத்தையும் பருவத்தையும் குறிப்பிட்டால், அங்கே அப்போது இருக்க வாய்ப்பில்லாத பறவைகளைக் கழித்துவிடும்.

ஆனாலும் சறுக்கும். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே பேசிக் காட்டும். பல பறவைகள் ஒரே நேரத்தில் கத்தினால் மெல்லிய குரல் அமுங்கிப்போகும். எனவே அரிய பறவை என்று கைப்பேசி சொன்னால், பதிவை மறுபடி கேட்டு, முடிந்தால் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.