நோய்க்குப் பெயர் காணல்



ஓசூர் என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவன தொழிற்சாலைகள். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் ஊர் அது. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி, இரவும் பகலும் வண்டிகள் ஓயாத ஊர். ஆயினும் அவ்வூரின் பழைய பெருமை கால்நடையைச் சார்ந்தது. அதன் அருகே மத்திகிரியில் உள்ள கால்நடைப் பண்ணை, 1824ஆம் ஆண்டில் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்று தொடங்கப்பெற்றது. அதற்கும் தெற்கே தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி என்று செல்லச் செல்லக் காடு நம்மை எதிர்கொள்கிறது. இக்காடுகள் ஒருபுறம் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டோடும், மறுபுறம் காவிரிக் கரைக் காடுகளோடும் தொடர்பு கொண்டவை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து இப்பக்கம் வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. காட்டோரச் சிற்றூர்களின் மாடுகளும் காட்டிற்குள் மேய்ந்து, மாலையில் பட்டி திரும்புகின்றன. யானை குடித்த குட்டையில் மான் குடிக்கிறது; மான் குடித்த குட்டையில் மாடு குடிக்கிறது.

ஆகவே இப்பகுதிக்கு ஒரு தொற்றுநோய் வருவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, நெடுஞ்சாலையில் ஏற்றிச் செல்லப்படும் மாடு, ஆடு, கோழிகளோடும், குந்தாரப்பள்ளி, போச்சம்பள்ளி போன்ற சந்தைகளோடும் வரும் வழி. மற்றொன்று, காட்டின் வழி. சாலையில் வண்டியை நிறுத்திக் கிருமிநாசினி தெளிக்க இயலும். காட்டில் நிறுத்துவார் யார்? நோய் வந்துவிட்டது என்பதை விரைந்து அறிவதும், அது இன்ன நோய் என்று பிழையின்றிப் பெயர் காண்பதுமே அங்கே நமக்குள்ள காவல். அப்பெயரைக் காண்பது எவ்வாறு என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேற்று மாலை வரை நன்றாக மேய்ந்த பசு, இன்று காலை காட்டோரத்தில் இறந்து கிடக்கிறது. வயிறு ஊதியிருக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பான இரத்தம் கசிந்திருக்கிறது. அஃது உறையவும் இல்லை. கூடி நிற்போருள் ஒருவர் பாம்புக் கடி என்கிறார். மற்றொருவர், மாடு இளஞ்சோளப் பயிரைத் தின்றிருக்கும், அதன் நஞ்சுதான் என்கிறார். முதியவர் ஒருவர் அடைப்பான் என்கிறார். இம்மூன்றும் நடக்கக்கூடியனவே. ஆனால் ஒவ்வொன்றிற்கும் நாம் செய்ய வேண்டுவது வெவ்வேறு. பாம்புக் கடியாயின் இழப்பு ஒரு பசுவோடு நின்றுவிடும். அடைப்பானாயின், நாளை மந்தையில் பல மாடுகளும், தோலுரித்த மனிதரும் அதற்கு இரையாகக் கூடும்.

நம் மக்கள் வழங்கும் பெயர்களிலேயே ஒரு மயக்கம் உண்டு. அடைப்பான் என்பது ஒரு நோய். தொண்டை அடைப்பான் என்பது வேறொரு நோய். முன்னதை உண்டாக்குவது மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமி. பின்னது பெரும்பாலும் மழைக் காலத்தில், தொண்டை வீங்கி மூச்சுத் திணறச் செய்யும் பாஸ்டுரெல்லா என்னும் கிருமியால் வருவது. இளங்கன்றுகளின் தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும் சப்பை நோய் இன்னொன்று. மூன்றும் விரைந்து கொல்வன. மூன்றுக்கும் தடுப்பூசி தனித்தனி. ஒன்றின் ஊசி மற்றொன்றைத் தடுக்காது. பெயர் தவறினால் ஊசியும் தவறும்.

இவற்றை வேறுபடுத்திக் காண மருத்துவர் செய்வது யாது? இறந்த விலங்கின் காது நரம்பில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசுகிறார். அதைப் பதப்படுத்தி, நாட்பட வைத்துப் பக்குவமாக்கிய மெதிலீன் நீலச் சாயமிட்டு, நுண்பெருக்கியில் நோக்குகிறார். நீலநிறக் கோல்கள் சங்கிலி போலக் கோத்து நிற்க, அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பான உறை தோன்றுமாயின், அஃது அடைப்பான். இவ்வடையாளத்தை 1903ஆம் ஆண்டில் விளக்கியவர் மெக்ஃபேடியன் என்னும் கால்நடை அறிஞர். அழுகிய உடலில் பெருகும் வேறு கோற்கிருமிகளும் நீலமாகவே தோன்றும். ஆனால் அவற்றிற்கு இவ்விளஞ்சிவப்பு உறை இல்லை. குட்டையான சிறு கோல்கள், இரு முனைகளில் மட்டும் ஆழ்ந்த நிறம் ஏற்று நின்றால், தொண்டை அடைப்பானை ஐயுறலாம். நூறாண்டு கடந்த இச்சோதனை இன்றும் கைவிடப்படவில்லை. அதற்கு வேண்டிய கருவிகள் சில. காலமோ சில நிமிடம்.

காதில் மட்டும் குத்துவானேன், வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகாதோ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பேராபத்து இருக்கிறது. உடலுக்குள் இருக்கும் வரை ஆந்த்ராக்ஸ் கிருமி மெல்லியது. கிழிக்காத உடல் அழுகும்போது, சில நாள்களில் அதுவும் பெரும்பாலும் அழிந்துவிடும். உடலைக் கிழித்தாலோ, காற்றுப் பட்ட கிருமி கெட்டியான ஓடு பூண்டு விதை போலாகிவிடும். அவ்விதை வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாது; பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, பின்னொரு நாள் புல்லோடு மாட்டின் வாய்க்குள் சென்று உயிர்த்தெழும். எனவே அடைப்பான் என்று ஐயம் தோன்றிய உடலில் கத்தி படலாகாது. எரித்துவிடுதல் வேண்டும், அல்லது ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

வன விலங்குகளிடத்தில் இவ்விதி இன்னும் கடினமாகிறது. காட்டில் ஒரு யானை இறந்தால், அது சுடப்பட்டதா, மின்சாரம் தாக்கியதா, நோயால் இறந்ததா என்று அறிய உடற்கூறு ஆய்வு செய்வது வழக்கம். ஆனால் யானைக்கும் அடைப்பான் வரும். 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டிப் பகுதியில் இறந்த காட்டு யானைக்கு இந்நோய் இருந்தது சோதனையில் தெரியவந்தது. ஆதலின், முதலில் இரத்தத் தகடு, பின்னரே கத்தி என்னும் ஒழுங்கைக் காட்டில் பணிபுரிவோர் மறத்தல் கூடாது.

அன்றியும், காட்டு விலங்கு தன் நோயை மறைக்கும் இயல்புடையது. சோர்ந்து நிற்பது புலிக்குத் தன்னைக் காட்டிக் கொடுப்பதாகும் அன்றோ? அதனால் நாம் காண்பது பெரும்பாலும் நோயுற்ற விலங்கை அன்று, இறந்த விலங்கையே. அதுவும் சில நாள் கழித்து, நரியும் பன்றியும் தின்று எஞ்சியதை. அத்தகைய எச்சத்திலிருந்தும் செய்தி பெற இன்று வழிகள் உண்டு. கிருமியையே காண்பது ஒன்று. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை இரத்த நீரில் காண்பது மற்றொன்று. கிருமியின் மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் காண்பது மூன்றாவது. 1980களில் தோன்றிய இம்முறையே பி.சி.ஆர். எனப்படுகிறது. எனினும், மாட்டிற்கென்று அமைத்த எதிர்ப்பொருட் சோதனை மானுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளலாகாது. எந்த விலங்கில் எப்பொழுது எடுத்த மாதிரி என்பதறியாமல் ஒரு விடையை நம்புவது, நாழிகையறியாமல் நிழலை அளப்பது போன்றது.

பெயர் காண்பதனால் விளையும் பயனுக்கு மூன்று வரலாறுகள் சான்று பகர்கின்றன.

முதலாவது கர்நாடகத்தில் நிகழ்ந்தது. 1957ஆம் ஆண்டில் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றிலும் உள்ள மக்களும் கடுங்காய்ச்சலுற்று மாண்டனர். குரங்கும் மனிதனும் ஒருங்கே இறப்பதைக் கண்டு, ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று அறிஞர் அஞ்சினர். பூனாவின் வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து, இது கொசுவினால் வருவதன்று, காட்டு உண்ணியால் பரவும் புதியதொரு வைரஸ் என்று கண்டனர். கொசுவை ஒழித்துப் பயனில்லை, உண்ணியிடமிருந்து காத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது அதன்பின்னரே விளங்கிற்று. 2012ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, இந்நோய் பந்திப்பூரிலும் நீலகிரிப் பக்கத்திலும் அறியப்பட்டது. அங்கேயும் எச்சரிக்கை தந்தவை இறந்த குரங்குகளே.

இரண்டாவது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. மாட்டைக் கொல்லும் வெக்கை நோயை ஒத்த ஒரு நோய் நம் ஆடுகளிடையே காணப்பட்டது; வாய் புண்ணாகும், கழிச்சல் காணும், மூச்சு இரைக்கும். 1987ஆம் ஆண்டில் விழுப்புரம் பகுதியின் அரசூரில் செம்மறியாடுகளைத் தாக்கிய நோயை ஆராய்ந்தபோது, அது வெக்கை நோயன்று, ஆப்பிரிக்காவில் 1942ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய் என்று தெரிந்தது. இந்தியாவில் அப்பெயர் உறுதியானது அதுவே முதன்முறை.

மூன்றாவது வரலாறு அந்த வெக்கை நோயினுடையதே. 1968ஆம் ஆண்டில் அது பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் காட்டெருமைகளைப் பெருவாரியாக மாய்த்தது. நாட்டு மாட்டின் நோய் காட்டைச் சூறையாடியதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1954ஆம் ஆண்டில் இந்தியா தொடங்கிய ஒழிப்புத் திட்டம், கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசியிட்டது. ஆயினும் இறுதிக் கட்டத்தில் அரசு செய்த செயல் வியப்பானது: தடுப்பூசியையே நிறுத்திற்று! ஊசி பெற்ற மாட்டிற்கும் நோய் கண்டு மீண்ட மாட்டிற்கும் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஒன்று போலவே இருக்கும். ஊசி தொடரும் வரை நோய் போயிற்றா இல்லையா என்பதை அறிய வழியில்லை. ஊசியை நிறுத்தி, ஊர் ஊராகச் சென்று வினவி, ஐயமுற்ற மாட்டையெல்லாம் சோதித்தனர். ஆட்டுக்கொல்லி நோயை வெக்கை நோயினின்றும் பிரித்தறியும் திறம் இல்லாதிருந்தால், இத்தேடல் முடிவே பெற்றிராது. இந்தியாவில் கடைசியாக வெக்கை நோய் காணப்பட்டது 1995ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டிலேயே. 2006இல் நாடு நோயற்றதென்று சான்று பெற்றது. 2011இல் உலகமே அதனின்றும் விடுபட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் உலகினின்றும் ஒழித்த இரண்டாவது நோய் இது.

இனி ஓசூர்க் காட்டோரத்துப் பசுவினிடம் திரும்புவோம். அதன் நோய்க்குப் பெயர் காண இன்று நமக்கு நிலையங்கள் குறைவில்லை. மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் உண்டு. சென்னை மாதவரத்தில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் உண்டு. எல்லைக்கு அப்பால், பெங்களூரில், நாடு முழுவதற்குமான கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் உண்டு. 1932ஆம் ஆண்டில் தோன்றிய இராணிப்பேட்டை நிலையம் அடைப்பானுக்குத் தடுப்பு மருந்து செய்து தருகிறது. ஆனால் இவையனைத்தும் ஒரு மனிதருக்காகக் காத்திருக்கின்றன. அவர் பட்டணத்து விஞ்ஞானி அல்லர். இறந்த விலங்கை முதலில் கண்டவர். மாடு மேய்க்கும் பெரியவராகவோ, வனக் காவலராகவோ, பள்ளி செல்லும் வழியில் நின்று பார்த்த உங்களுள் ஒருவராகவோ அவர் இருக்கலாம்.

அவர் செய்ய வேண்டுவன சிலவே. உடலைத் தொடலாகாது, தோலுரிக்கவும், இறைச்சியைப் பங்கிடவும் விடலாகாது. நாயும் காக்கையும் அண்டாமல் காத்தல் வேண்டும். கால்நடை மருத்துவருக்கு அன்றே, அப்பொழுதே சொல்லியனுப்புதல் வேண்டும். எங்கே, எப்பொழுது, எத்தனை விலங்குகள், அருகில் எந்த நீர்நிலை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். இறந்த பசுவின் இறைச்சியும் தோலும் ஏழைக் குடும்பத்திற்குச் சில நாள் வயிற்றுப்பாடு. அதை விட்டுவிடு என்று சொல்வது எளிதன்று. ஆதலின், அதட்டிச் சொல்லாமல், காரணத்தை எடுத்து விளக்கும் கல்வியுடையவர் ஊர்தோறும் வேண்டும். அக்கல்வியை நீங்கள் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பெறுகிறீர்கள். அதை உங்கள் ஊர்ப் பட்டிக்கும் மேய்ச்சல் காட்டிற்கும் எடுத்துச் செல்வீர்களாக.