குடத்தில் இடப்படும் ஓலை யாருடையது?

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவு)



தேர்தல் நாளன்று நமக்குரியவரை நாமே தேர்ந்தெடுக்கின்றோம் என்று பெருமிதம் கொள்கின்றோம். ஆயின், எவரெவர் பெயர் அப்பட்டியலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யாவர்? இவ்வொரு வினாவையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

குடவோலை தமிழர்க்குப் புதிதன்று. அகநானூற்று 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக ஆண்டுள்ளார். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) அதன் நெறிகளை விரித்துரைக்கின்றது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குட்பட்டு, இறை செலுத்தும் நிலமும் தன் மனையில் வீடும் உடையவர் பெயரே ஓலையில் ஏறியது. முந்திய 3 ஆண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவர்க்கு இடமில்லை. பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்! குடத்தினின்று ஓலையை எடுத்தவனோ ஒன்றும் அறியாச் சிறுவன்.

அம்முறை குறையற்றது என்று கூறேன். அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். உழுதுழைத்த மக்கட்கு ஆங்கு ஓலையில்லை. ஆயினும், பெயர் எழுதுமுன்னரே தகுதியை ஆய்ந்த அந்நெறி போற்றத்தக்கதே.

இன்றைய நிலை என்ன? கிளை, ஒன்றியம், மாவட்டம், பொதுக்குழு எனக் கட்சிகள் கீழிருந்து மேலாகக் கட்டப்பட்டுள்ளன. வேட்பாளரோ மேலிருந்து கீழாக இறக்கப்படுகின்றார்! விருப்ப மனுவும் கட்டணமும் தொண்டனுடையவை, முடிவு தலைமையினுடையது. நேர்காணலில் தொண்டின் நீளத்தினும் பணத்தின் நீளமும் குலத்தின் எண்ணிக்கையுமே மிகுதியும் அளக்கப்படுகின்றன. மனுச்செய்யும் இறுதிநாள் பிற்பகல் 3 மணிக்குள் தலைமையின் ஒப்பமிட்ட படிவம் தேர்தல் அலுவலர் கையில் சேராவிடின், கட்சியின் சின்னமில்லை. வென்றபின்னும் 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச்சட்டம் அவரைக் கொறடாவின் ஆணைக்குக் கட்டிப்போடுகின்றது. இடம் தந்தவரும் தலைமை. பதவியைப் பறிக்க வழிசெய்பவரும் தலைமை. அங்ஙனமாயின், அவர் அஞ்சுவது தலைமைக்கா, உங்களுக்கா?

தேர்தலில் நிற்பதா வேண்டாவா என்பதையே 1956இல் திருச்சிராப்பள்ளி மாநாட்டில் கூடியிருந்தோரின் ஒப்போலை பெற்று முடிவு செய்தது திராவிட முன்னேற்றக் கழகம். மறு ஆண்டே இத் திருவண்ணாமலை, ப.உ. சண்முகத்தைச் சட்டமன்றத்திற்கும் தருமலிங்கத்தை நாடாளுமன்றத்திற்கும் அனுப்பியது. தொண்டரைக் கேட்டுச் செயற்படுதல் இயலாத ஒன்றன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

செருமனி நாட்டில் கட்சி உறுப்பினரோ அவர்தம் பேராளரோ மறைவு ஒப்போலையால் வேட்பாளரைத் தேர்தல் வேண்டும் என்பது சட்டம். இங்கோ, உட்கட்சிக் குடியாட்சி வேண்டுமென்று 1999இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. குற்றவழக்குடையவரை நிறுத்தும் கட்சி, அவரைத் தேர்ந்த கரணியத்தை வெளியிட வேண்டும் என்றும், வெற்றிவாய்ப்பு மட்டுமே கரணியமாகாது என்றும் உச்ச நயன்மன்றம் 2020இல் ஆணையிட்டது. அவ்வெளியீட்டை நம்முள் எத்துணைப்பேர் படித்தோம்?

பெருமக்களே! நீவிர் எக்கட்சியினராயினும் ஆகுக. உம் தொகுதி வேட்பாளரை உம் தொகுதி உறுப்பினரே மறைவாக ஒப்போலையிட்டுத் தேர்க என்று உம் கிளைக் கூட்டத்தில் தீர்மானம் கொணர்மின்! முன்பு பதவியிலிருந்தவரிடம் கணக்குக் கேண்மின்! ஓலையெழுதும் உரிமையைப் பிறர்க்கு விட்டுவிட்டுக் குடத்தை மட்டும் காவல் காப்பது குடியாட்சி ஆகாது.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!