பச்சை பிடிக்கும் காலம்: சிறுநீரக மாற்றில் கொடையின் தரமும் தாமதமும்

இறந்தவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்திய முதல் வாரத்துக்குள் மறுபடி டயாலிசிஸ் செய்ய நேர்ந்தால், அதைத் தாமதச் செயல்பாடு என்கிறோம். சிறுநீர் இறங்காத அந்த நாட்களில், கெட்டுப்போன கிட்னியை வைத்துவிட்டார்களோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். இதே ஐயம் மருத்துவர்களிடமும் உண்டு. தாமதம் வரலாம் என்று தோன்றினாலே அந்தச் சிறுநீரகத்தை ஏற்கத் தயங்குகிறோம். நான் இங்கே நிறுவ விரும்புவது ஒன்றுதான். தரம் கொடையாளரின் உடலோடு வருவது; தாமதத்தில் ஒரு பெரிய பங்கு, எடுத்த இடத்திலிருந்து பொருத்தும் இடம்வரை நம் கையாளுகையில் சேர்வது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விடுவோம், பயன்படக்கூடியதைத் தள்ளிவிடுவோம்.

முதலில் தரம். அமெரிக்காவில் 2002இல் ஒரு வரையறை வகுத்தார்கள். 60 வயது எட்டிய கொடையாளர்களும், 50 முதல் 59 வயதுக்குள் இருந்து ரத்தக்கொதிப்பு, 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கிரியேட்டினின், பக்கவாதத்தால் மரணம் என்ற மூன்றில் இரண்டு உள்ளவர்களும் அதன்படி தனி வகையாகக் கருதப்பட்டார்கள். இவர்களின் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு, நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் சிறுநீரகத்தைவிடக் குறைந்தது 70 சதவீதம் கூடுதல். இந்த வேறுபாடு மெய்யானது. வயதோடு குறையும் வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் நோயாளியின் முன் இருக்கும் தேர்வு சிறந்த சிறுநீரகமா, நடுத்தரமானதா என்பதன்று. இதை ஏற்பதா, டயாலிசிஸில் காத்திருப்பதா என்பதே. மாற்று பெற்றவர்களின் நீண்டகால இறப்பு அபாயம், காத்திருப்போரைவிட 48 முதல் 82 சதவீதம்வரை குறைவு என்று 1999இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. முதல் இரண்டு வாரங்களில் அபாயம் கூடுதலாக இருப்பதையும் அது மறைக்கவில்லை. 40 வயதைக் கடந்து, நெடுங்காலம் காத்திருக்க வேண்டிய பகுதிகளில் இருப்பவர்களுக்கு, தரம் குறைந்த வகையும் ஆயுளைக் கூட்டுகிறது என்று 2005இல் இன்னொரு ஆய்வு கண்டது.

அடுத்து தாமதம். ரத்த ஓட்டம் நின்றதும் சிறுநீரகச் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. குளிரில் வைத்தால் அவற்றின் தேவை குறையும், நின்றுவிடாது. சேமித்த ஆற்றல் கரைந்த நிலையில் புது ரத்தம் பாயும்போது இன்னொரு காயமும் சேர்கிறது. இதில் அதிகம் அடிபடுபவை நுண்குழாய்களின் உட்செல்கள். அவை மீண்டும் வளரக்கூடியவை. பிடுங்கி நட்ட நாற்று சில நாள் வாடி நின்று பிறகு பச்சை பிடிப்பதுபோல, இந்தச் சிறுநீரகங்களில் பெரும்பாலானவை சில நாட்களில், சில வாரங்களில் வேலையைத் தொடங்கிவிடுகின்றன.

தாமதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு வலுவான சான்று 2009இல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 336 கொடையாளர்களின் இரு சிறுநீரகங்களில் ஒன்றைப் பனிக்கட்டியிலும், மற்றதைக் குளிர்ந்த திரவம் பாய்ச்சும் இயந்திரத்திலும் வைத்தார்கள். கொடையாளர் ஒருவரே என்பதால் தரம் இரண்டுக்கும் பொது. ஆயினும் தாமதம் பனிக்கட்டியில் 26.5 சதவீதம், இயந்திரத்தில் 20.8 சதவீதம். ஓராண்டில் இயங்கிக்கொண்டிருந்தவை முறையே 90, 94 சதவீதம். கொடையாளர் மாறாமல் கையாளுகை மட்டும் மாறியதில் வந்த வேறுபாடு இது.

தாமதம்தானே சிறுநீரகத்தின் ஆயுளைக் குறைக்கிறது, பிறகு ஏன் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாமதம் ஏற்பட்டவர்களிடம் சிறுநீரக இழப்பு 41 சதவீதமும், உடல் நிராகரிக்கும் நிகழ்வு 38 சதவீதமும் கூடுதலாக இருந்தன. ஆனால் முதிய, பழுதுற்ற சிறுநீரகங்களில்தான் தாமதமும் மிகுதி என்பதால், தரத்தின் குற்றம் தாமதத்தின் கணக்கில் ஏறிவிடும். இதைப் பிரித்துக் காட்டியது பிரிட்டன். இதயம் நின்று இறந்தவர்களின் சிறுநீரகங்களில் தாமதம் வெகு அதிகம். இருந்தும் 2010இல் வெளியான அந்நாட்டு ஆய்வில், மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகங்களோடு ஒப்பிட ஐந்தாண்டுவரை ஆயுளில் வேறுபாடு இல்லை. தாமதம் எங்கே நேர்ந்தது, எதோடு சேர்ந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. நிராகரிப்போடு சேர்ந்த தாமதம் ஆபத்தானது. இன்னும் இயங்காமல் உறங்கும் சிறுநீரகத்தில் நிராகரிப்பு வெளியே தெரியாது. ஆகவே காத்துக்கொண்டிராமல் உரிய நேரத்தில் பயாப்சி செய்ய வேண்டும்.

பயந்து ஒதுக்குவதன் விலையைப் பிரான்சையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2019இல் கணக்கிட்டார்கள். 2004 முதல் 2014வரை, எடுத்த சிறுநீரகங்களில் அமெரிக்கா ஒதுக்கியது 17.9 சதவீதம், பிரான்ஸ் ஒதுக்கியது 9.1 சதவீதம். இத்தனைக்கும் பிரெஞ்சுக் கொடையாளர்களே வயதில் மூத்தவர்கள். இரண்டாந்தரத்தை நோயாளியின் தலையில் கட்டுவது அறமா என்று கேட்பவர்களுக்கும் ஐரோப்பாவில் விடை இருக்கிறது. 1999 முதல் யூரோட்ரான்ஸ்பிளான்ட் அமைப்பு, 65 வயதைக் கடந்த கொடையாளரின் சிறுநீரகத்தை அதே வயதினருக்கு, அருகிலேயே, குளிரில் வைத்திருக்கும் குளிர்நேரம் குறையும்படி வழங்கிவருகிறது. இருபது வயது இளைஞருக்குப் பொருந்தாதது எழுபது வயதினருக்குப் போதுமானதாகலாம். அதை அவரிடம் முன்கூட்டியே விளக்கி இசைவு பெறுவதுதான் அறம்.

தமிழ்நாட்டில் 2008இல் அரசாணைகளோடு உருப்பெற்ற மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டம் இந்தியாவுக்கே வழிகாட்டியது. 2023 முதல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. அந்த மரியாதை அறுவை அரங்கிலும் தொடர வேண்டும். இயந்திரம் வாங்கப் பணமில்லை என்பது சில மருத்துவமனைகளுக்கு உண்மை. ஆனால் பொருத்தச் சோதனையை முன்னதாக முடிப்பதற்கும், அரங்கையும் நோயாளியையும் ஆயத்தமாக வைப்பதற்கும் இயந்திரம் வேண்டாம். ஒவ்வொரு மாற்றிலும் குளிர்நேரத்தையும் தாமதத்தையும் ஒதுக்கலின் காரணத்தையும் பதிவுசெய்து, மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும். முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்பதை நோயாளிக்கு அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். பெருந்துயரின் நடுவே ஒரு குடும்பம் சரி என்று சொல்லித் தந்ததை, நம் தயக்கத்தாலோ சுணக்கத்தாலோ வீணாக்க நமக்கு உரிமை இல்லை.