வைக்கோல் பொம்மை அபேட்சகர்

எலக்ஷன் காலத்துக் கேலிச்சித்திரத்தை வெறும் விளையாட்டென்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. அமெரிக்காவில் பாம் என்பவர் 1900-ல் ஒரு மாயக்கதை வெளியிட்டார். அதில் ஊரையே நடுங்கவைத்த மகா மந்திரவாதி, கடைசியில் திரைக்குப் பின்னிருந்த ஒரு சாதாரண ஆசாமி! அவனிடம் மூளை கேட்டுப் போகும் வைக்கோல் பொம்மையும் உண்டு.

1906-ல் நியூயார்க் மாகாணக் கவர்னர் பதவிக்கு ஹெர்ஸ்ட் என்னும் பத்திரிகை முதலாளி அபேட்சகராக நின்றார். பணம் அவரிடம், பத்திரிகைகளும் அவரிடம். ரோஜர்ஸ் என்னும் சித்திரக்காரர் அவரை அந்த வைக்கோல் பொம்மையாகவே எழுதிச் சேற்றில் நிறுத்திவிட்டார்! தலையங்கத்துக்குத் தலையங்கத்தால் பதில் சொல்லலாம். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? ஹெர்ஸ்ட் தோற்றார். படத்தினால்தான் தோற்றாரென்று நாம் சொல்ல வரவில்லை. மற்றொன்றையும் மறைக்கக் கூடாது: ஹெர்ஸ்டிடமும் சம்பளத்துக்குச் சித்திரக்காரர்கள் இருந்தார்கள்.