நீர்ப்பம்பியின் தேய்ந்த பெயாரிங்கை மாற்றுதல்

(கிளிநொச்சி மேட்டுநிலப் பயிர்ச் செய்கையாளர்களுக்கு ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



கிளிநொச்சி என்றதும் இரணைமடு நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் 1902ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட அக்குளத்தின் வாய்க்கால் நீர் எட்டுகின்ற வயல்களைப் பற்றி நான் இங்கு பேச வரவில்லை. கிணற்றையே நம்பி மிளகாயும் வெங்காயமும் நிலக்கடலையும் செய்கின்றவர்களுக்கே இப்பேச்சு உரியது. ஆனி, ஆடி மாதங்களில் சோளகக் காற்று வீசும்போது, பூவும் பிஞ்சுமாய் நிற்கின்ற மிளகாய்க்கு இறைப்புத் தவறினால் பூ உதிர்ந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வேளையில் மோட்டர் எரிந்து, கொயில் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்க்கு நட்டம் மோட்டரோடு நின்றுவிடுவதில்லை.

மோட்டர் எரிந்தால் மின்சாரத்தைக் குறை கூறுவது நம்மிடையே வழக்கம். சில வேளைகளில் அது உண்மையே. ஆனால் மோட்டரைக் கழற்றிப் பார்த்தால், குற்றம் பெயாரிங் என்று நாம் வழங்குகின்ற குண்டுப் போதிகையில் இருப்பதைப் பல தடவை காணலாம். சிறு பம்பியொன்றின் மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 முறை சுழலுகின்றது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் இறைத்தால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுக்களாகும். அச்சுத்தண்டின் பாரத்தை இரு முனைகளிலும் தாங்கி நிற்பவை இவ்விரு பெயாரிங்குகளே. சுழலும் பகுதிக்கும், அதனைச் சூழ்ந்து அசையாது நிற்கும் கொயிற் பகுதிக்கும் இடையேயுள்ள வெளியோ மிகவும் ஒடுங்கியது. பெயாரிங் தேய்ந்து தண்டு சற்றே தாழ்ந்தாலும் ஒன்று மற்றொன்றில் உராயும், சூடேறும், கொயிலின் காவற்பூச்சுக் கருகும். பெயாரிங் முற்றாக இறுகிவிட்டாலோ, சுழல முடியாத மோட்டர் அளவுக்கு மீறிய மின்னை இழுத்து எரிந்துபோகும். பெயாரிங்கின் விலை கொயில் கட்டும் கூலியில் ஒரு சிறு பங்கே.

உதிரிப்பாகங்கள் வன்னிக்கு வருவதே அரிதாயிருந்த 1990களில், பழைய பெயாரிங்கை மண்ணெண்ணெயிற் கழுவிக் கிறீஸ் இட்டுத் திரும்பவும் பூட்டினோம். அன்று அதனையன்றி வேறு வழியில்லை. அப்படி ஓட்டியவர்களின் திறமையைக் குறைத்துப் பேச எவராலும் இயலாது. இன்று புதியது கடையிற் கிடைக்கின்றது. ஆயினும் “சத்தம் போட்டாலும் ஓடுகின்றதுதானே” என்னும் அந்நாளைய வழக்கம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

சத்தந்தான் முதல் எச்சரிக்கை. பம்பி ஓடும்போது நீண்ட திருப்புளியொன்றின் நுனியை மோட்டரின் முனை மூடியில், சுழலும் காற்றாடிக்கு எட்டாத இடத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்துக் கேளுங்கள். நல்ல பெயாரிங் சீராக இரையும்; தேய்ந்தது மணலை அரைப்பது போலக் கரகரக்கும். அடுத்து, மின்னைத் துண்டித்து, பின்புறக் காற்றாடியைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். தடங்கித் தடங்கிச் சுழன்றாலும், தண்டு மேலுங் கீழும் ஆடினாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்க. அறுவடை வரை பார்ப்போம் என்று தள்ளிப் போடுவது நன்றன்று.

கழற்றுமுன் செருகியை முற்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது. கப்பாசிற்றர் மின்னைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். ஆதலால் அதன் முனைகளைக் கையாற் தொடலாகாது. ஈரத் தரையில் நின்றும் வேலை செய்யாதீர்கள். மூடிகளுக்கும் உடலுக்கும் குறுக்கே நிறப்பூச்சினால் ஒரு கோடு இட்டுக்கொண்டால், பூட்டும்போது ஒவ்வொன்றும் தன்னிடத்திலேயே சென்றமரும். பழைய பெயாரிங்கைச் சுத்தியலால் அடித்து எடுப்பதிலும், புல்லர் என்னும் இழுவைக் கருவியால் இழுத்தெடுப்பதே சிறந்தது. அக்கருவி இல்லாதவர் அதனை வைத்திருக்கும் திருத்துநரிடம் கொண்டு செல்லலாம்.

வளையத்தின் விளிம்பில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, அகலம் 12. 6204 என்றால் 20, 47, 14. கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேற்பட்டிருப்பின், அவற்றை ஐந்தாற் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும். எண்ணுக்குப் பின்வரும் எழுத்துக்களையும் கவனியுங்கள். இசட் இசட் என்பது இருபுறமும் தகட்டு மூடி. ஆர்எஸ் என்பது றப்பர் மூடி. பழைய பெயாரிங்கையே கையோடு கொண்டு சென்று கடையில் ஒத்துப் பார்த்து வாங்குவது எல்லாவற்றிலும் நன்று. பெயர் பெற்ற கம்பனிகளின் பெட்டியிலே போலிப் பொருளும் விற்கப்படுவதுண்டாகையால், விலை மிகக் குறைந்திருந்தால் ஐயுறுங்கள்.

புதியதைப் பூட்டும் முறையிலேதான் பெரும்பாலார் தவறுகின்றனர். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அடிபட வேண்டும். உள்வளையத்துக்கு அளவான இரும்புக் குழாயை அதன்மேல் நேராக வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளின் வழியாகவே உள்ளே செல்லும். ஓடுபாதையில் கண்ணுக்குப் புலப்படாத குழிகள் விழும். புதிய பெயாரிங் சில நாட்களிலேயே கரகரக்கத் தொடங்கும். மூடியுள்ள பெயாரிங்கை மண்ணெண்ணெயிற் கழுவாதீர்கள். அதற்கு வேண்டிய கிறீஸ் உள்ளேயே இடப்பட்டுள்ளது. நெருப்பிற் காட்டவும் வேண்டாம். பூட்டும் நேரம் வரையில் உறையைப் பிரியாது வைத்திருங்கள். நமது செம்மண் தூசி அதற்கு நஞ்சு. தண்டிலே பெயாரிங் தளர்வாக அமர்ந்தால் தண்டு தேய்ந்துள்ளது என்பது பொருள். பொட்டுக் குத்தி இறுக்குவது சில காலத்துக்கே தாங்கும். கடைசல் பட்டறையிற் காட்டுவதே முறை.

முன்புறப் பெயாரிங் மட்டும் அடிக்கடி கெடுமாயின், பெயாரிங்கை நொந்து பயனில்லை. நீர்ப்பக்கத்துச் சீல் கசிந்து நீர் உட்புகுகின்றதா எனப் பாருங்கள். சீலையும் உடன் மாற்றாவிட்டால் புதிய பெயாரிங்கும் துருப்பிடிக்கும். வெள்ளத்தில் அமிழ்ந்த பம்பியின் நிலையும் இதுவே. 2018 டிசம்பரில் பெய்த பெருமழையின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வெள்ளத்துக்குப் பின் மோட்டரை உலர்த்தி ஓட்டியதும் அது நன்றாயிருப்பது போலத் தோன்றும். ஆனால் பெயாரிங்கினுள் புகுந்த சேறு வெளியேறுவதில்லை. எனவே அமிழ்ந்த மோட்டரின் இரு பெயாரிங்குகளையும் ஒருங்கே மாற்றிவிடுதல் வேண்டும்.

இரும்பு வெட்டும் கிரைண்டர், துளையிடும் இயந்திரம் ஆகியவற்றுக்கும் இம்முறையே பொருந்தும். அவற்றின் பெயாரிங்குகள் சிறியவை. 608 என்னும் எண்ணுடையதன் உள்விட்டம் 8 மில்லிமீற்றரே. அவற்றின் வேகமோ மிக அதிகம். ஆகவே ஆடுகின்ற தண்டோடு கிரைண்டரை ஓட்டினால், தட்டு உடைந்து முகத்திற் தெறிக்கவும் கூடும்.

பூட்டி முடித்ததும், மின் கொடுக்குமுன் தண்டைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். எங்கும் உராயாமல் இலகுவாகச் சுழல வேண்டும். பின்னர் பம்பியில் நீர் நிரப்பிக் கால் மணி நேரம் ஓட்டி, மின்னை நிறுத்தி, முனை மூடிகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு ஆகாது. மாற்றிய திகதியையும் பெயாரிங் எண்ணையும் பம்பி அறைச் சுவரிலே கரியால் எழுதி வையுங்கள்.